வீட்டு வாய்ஸ் ஓவர் ஸ்டூடியோ: ரிமோட் செஷனில் கோளாறு வந்தால் எங்கே தேடுவது

எதிர்முனையில் டைரக்டர், சவுண்ட் இன்ஜினியர், கிளையன்ட் என்று நான்கைந்து பேர் காத்திருக்கும்போது "ஏதோ சரியில்லையே" என்று ஒரு குரல் வரும். அந்தப் பதற்றத்தில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் திருகுவதுதான் பெரிய ஆபத்து. கெயினை (மைக் ஒலியின் பெருக்கத்தை) ஏற்றி, பஃபரை (ஒலித் துண்டுகள் சேர்ந்து காத்திருக்கும் இடத்தை) மாற்றி, பிரவுசரை மூடித் திறந்து பார்த்தால், எது பழைய கோளாறு, எது நாமே புதிதாகச் செய்து வைத்தது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் கணினியில் பதிவாகியிருக்கும் லோக்கல் ரெக்கார்டிங்கில் அந்தக் கோளாறு இருக்கிறதா? மைக், ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி), இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), கணினி என்று வரும் ஒலி அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ரெக்கார்டிங் மென்பொருளுக்கும், இன்னொன்று இணைப்பு மென்பொருள் வழியாக ரவுட்டரைத் தாண்டி எதிர்முனைக்கும் போகிறது. கோளாறு லோக்கல் வேவ் ஃபைலிலும் கேட்டால், பிரியும் இடத்துக்கு முன்னால் தேடுங்கள்: அறை, மைக், கேபிள், கெயின், கணினி. ஃபைல் சுத்தமாக இருந்து அவர்களுக்கு மட்டும் கேட்டால் இணைப்பு மென்பொருள், ரூட்டிங், நெட்வொர்க். கடைசி டேக்கிலிருந்து 10 வினாடி போட்டுக் கேட்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுவே முதல் படி என்பதால் லோக்கல் ரெக்கார்டிங் இல்லாமல் எந்த செஷனையும் தொடங்காதீர்கள்.

"குரல் அறுந்து அறுந்து வருகிறது"

லோக்கல் ஃபைல் சுத்தமாக இருந்தால் நெட்வொர்க். ஸ்பீடு டெஸ்ட்டில் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். ஓபஸ் கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) மோனோ குரலை 128 முதல் 256 கிலோபிட் வேகத்தில் அனுப்பினாலே தரம் நன்றாக இருக்கும். அதற்குப் பெரிய இணைப்பு தேவையில்லை. தேவைப்படுவது சீரான இணைப்பு. குரல் வழக்கமாக 20 மில்லிவினாடித் துண்டுகளாக, வினாடிக்கு 50 பாக்கெட் என்ற கணக்கில் போகிறது. ஒரு பாக்கெட் தாமதமாக வந்தால் எதிர்முனை ஓரளவுதான் காத்திருக்கும். அதற்குமேல் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இட்டு நிரப்பிக்கொள்ளும். அந்த ஒட்டுதான் அறுபடுவதாகக் கேட்கிறது.

வைஃபையில் இருந்தால் முதலில் அதை விட்டு வெளியே வாருங்கள். சிக்னல் முழுக் கோடு காட்டினாலும், பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதும்போது பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் தாமதம் ஏறி இறங்கும். கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். சுவரோரமாக இழுத்துக் கட்டிவிடுங்கள். வீட்டு ஸ்டூடியோவில் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது குறைவு.

கேபிள் போட்ட பிறகும் அறுந்தால் இரண்டு பிங் (பதில் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை) ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஒன்று ரவுட்டரின் முகவரிக்கு, மற்றொன்று வெளியே இணையத்தில் உள்ள 8.8.8.8க்கு (கூகுளின் சர்வர்). பத்து நிமிடம் ஓடட்டும். கேபிளில் ரவுட்டருக்குப் போகும் பிங் 1 மில்லிவினாடியை ஒட்டியே இருக்க வேண்டும். அதுவே தாவினால் கேபிள், போர்ட், ரவுட்டர் மூன்றில் ஒன்று பழுது. ரவுட்டர் சீராக இருந்து வெளியே போவது மட்டும் தாவினால் சேவை நிறுவனத்தின் பக்கம் கோளாறு, அல்லது வீட்டிலேயே யாரோ அப்லோடை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவதைக் கண்டுபிடிப்பது எளிது. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய ஃபைலை மேகச் சேமிப்பில் ஏற்றுங்கள். 20 மில்லிவினாடியாக இருந்தது 300ஐத் தாண்டினால், மோடத்தின் வரிசையில் பாக்கெட்டுகள் தேங்குகின்றன என்று பொருள். ரவுட்டரில் எஸ்கியூஎம் அல்லது கியூஓஎஸ் (பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும்) வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோடு வரம்பை அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு வையுங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால் செஷன் முடியும் வரை போட்டோ பேக்கப், மேகச் சேமிப்பு, சிஸ்டம் அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். வீட்டில் உள்ள மற்ற ஃபோன்களும் இந்தக் கணக்கில் சேரும். விபிஎன் ஓடினால் அதையும் அணையுங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் எதிர்முனையில் உள்ள இன்ஜினியரிடம் ரிசீவ் பஃபரை ஏற்றச் சொல்லுங்கள். தாமதம் கூடும், அறுபடுவது நிற்கும். விளம்பரம், ஆவணப்பட விவரணை போன்றவற்றில் கால் வினாடித் தாமதம் யாரையும் உறுத்தாது. படத்தைப் பார்த்து வாயசைவுக்குப் பேசும் டப்பிங்கில் மட்டும் இது உதவாது.

லோக்கல் ஃபைலிலேயே அறுபடல் இருந்தால் இணையத்தைப் பழிக்க வேண்டாம்; கணினி மூச்சு வாங்குகிறது. பஃபரை 512 சாம்பிளுக்கு ஏற்றுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 10.7 மில்லிவினாடி. உங்கள் குரலை இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரில் (கணினிக்குப் போய் வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வரும் ஒலியில்) கேட்பவராக இருந்தால் அந்தத் தாமதம் உங்கள் காதுக்கே வராது. பலர் பாட்டுப் பதிவுக்காரர்களைப் பார்த்து 64இல் வைத்துவிட்டு அவதிப்படுகிறார்கள். வாய்ஸ் ஓவருக்கு அது தேவையே இல்லை. இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். விண்டோஸில் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். பிறகும் டிக் டிக் என்று வந்தால் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிடுங்கள். எந்த டிரைவர் நேரத்தை விழுங்குகிறது என்று அதிலேயே தெரியும். வைஃபை டிரைவர் அங்கே அடிக்கடி தலைகாட்டும். கேபிளுக்கு மாறிய பிறகு வைஃபையை முழுவதுமாக அணைத்துவிட இது இன்னொரு காரணம்.

இணைப்பே கிடைக்கவில்லை

பிரவுசரில் ஓடும் சேவைகள் பெரும்பாலும் தாமாகவே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். நேர்வழி கிடைக்காவிட்டால் இடையில் உள்ள ஒரு ரிலே சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். இணைப்பு கிடைத்தும் தாமதம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அது காரணமாக இருக்கலாம். சோர்ஸ் கனெக்ட் 3 போன்ற தனி மென்பொருளில் யூடிபி 6000, 6001 போர்ட்டுகளை ரவுட்டரில் உங்கள் கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். திருப்பிவிட்ட பிறகு கணினியின் உள்முகவரி மாறாமல் இருக்க ரவுட்டரிலேயே அதை நிலையாகப் பதிவு செய்யுங்கள். நேற்று வேலை செய்தது இன்று செய்யாமல் போவதற்கு இந்த முகவரி மாற்றம் ஒரு வழக்கமான காரணம்.

போர்ட்டைத் திறந்தும் பயனில்லை என்றால் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN, அதாவது வெளி இணைப்பின்) முகவரியைப் பாருங்கள். அது 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் பெரும்பாலும் உங்களிடம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர்கள் இருக்கின்றன. முன்னால் உள்ள மோடத்தை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையைச் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) போடுங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எதைச் செய்தாலும் திறக்காது. தனிப் பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது பிரவுசர் வழிச் சேவைக்கு மாற வேண்டும்.

"நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது"

இதில் ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எக்கோ யாருக்குக் கேட்கிறதோ, கோளாறு அவருக்கு எதிர்முனையில் இருக்கிறது. டைரக்டர் தன் குரலையே கேட்டால் தேட வேண்டியது உங்கள் ஸ்டூடியோவில். உங்கள் குரல் தாமதமாகத் திரும்பி வந்தால் அவர்கள் பக்கம் ஸ்பீக்கர் திறந்திருக்கிறது.

கோளாறு உங்கள் பக்கம் என்றால், டைரக்டரைத் தொடர்ந்து பேசச் சொல்லிவிட்டு, இன்டர்ஃபேஸில் மைக் கெயினை முழுவதுமாக இறக்குங்கள். மென்பொருளில் மியூட் செய்யாதீர்கள். கையால் குமிழைத் திருப்புங்கள்.

எக்கோ நின்றால் அது காற்றின் வழியாக வருகிறது. ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறுகிறது. பின்புறம் திறந்த ஹெட்ஃபோன், ஒரு காதை விலக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம், அளவுக்கு மீறிய வால்யூம் ஆகியவை வழக்கமான காரணங்கள். மூடிய ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள். ஒரு காதை விலக்கியே தீர வேண்டும் என்றால் அந்தப் பக்கத்தின் ஒலியை மிக்சரில் அணைத்துவிடுங்கள். இந்தக் கசிவு லோக்கல் ஃபைலிலும் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். வரிகளுக்கு இடையே உள்ள மௌனத்தை 30 டெசிபெல் ஏற்றிக் கேட்டால் டைரக்டரின் குரல் மெல்லிதாகத் தெரியும். எடிட் செய்பவருக்கு அது தலைவலி.

கெயினை இறக்கிய பிறகும் எக்கோ நிற்கவில்லை என்றால் ரூட்டிங்தான். டைரக்டரின் குரல் உங்கள் இன்டர்ஃபேஸுக்குள் வந்து, லூப்பேக் (கணினியில் ஓடும் ஒலியை மறுபடி உள்ளீடாகத் திருப்பும் வசதி) வழியாக மறுபடி அவருக்கே போகிறது. முந்தைய டேக்கைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பதற்காக லூப்பேக்கைத் திறந்து வைக்கும்போது இது நேரும். தீர்வின் பெயர் மிக்ஸ் மைனஸ்: அவருக்கு எல்லாம் போக வேண்டும், அவருடைய குரலைத் தவிர. நான்கு வெளியீடு உள்ள இன்டர்ஃபேஸில் இப்படி அமையுங்கள்:

1. இணைப்பு மென்பொருளின் வெளியீடு 1-2க்கு. அதில் டைரக்டர் குரல் மட்டும்.
2. ரெக்கார்டிங் மென்பொருளின் பிளேபேக் 3-4க்கு.
3. லூப்பேக்கில் மைக்கும் 3-4ம் மட்டும். 1-2 அதில் கலக்கவே கூடாது.
4. ஹெட்ஃபோனில் மூன்றும்: மைக், 1-2, 3-4.
5. இணைப்பு மென்பொருளின் மைக்காகத் தேர்ந்தெடுப்பது அந்த லூப்பேக்கை.

இரண்டே வெளியீடு உள்ள இன்டர்ஃபேஸில் இதே வேலையை விண்டோஸில் வாய்ஸ்மீட்டரும், மேக்கில் பிளாக்ஹோல் அல்லது லூப்பேக் மென்பொருளும் செய்யும். விண்டோஸில் இன்னும் ஓர் இடத்தைப் பாருங்கள்: மைக்கின் பண்புகளில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' டிக் செய்யப்பட்டிருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் குரல் சுற்றி வரும்.

எக்கோ கேன்சலேஷனைப் போட்டு இதை மறைக்க நினைக்காதீர்கள். எக்கோ போகும், கூடவே டைரக்டர் "ம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் உங்கள் வார்த்தையின் தொடக்கமும் போகும்.

என் குரலே எனக்கு இரண்டாகக் கேட்கிறது

டைரக்ட் மானிட்டரும் மென்பொருள் மானிட்டரும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. தாமதம் 20, 30 மில்லிவினாடிக்கு மேல் இருந்தால் எதிரொலியாகவே தெரியும். சில மில்லிவினாடியாக இருந்தால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மாறி, மைக் கெட்டுவிட்டதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும். ரெக்கார்டிங் டிராக்கின் இன்புட் மானிட்டரை அணையுங்கள். இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் மட்டும் இருக்கட்டும்.

"வார்த்தையின் முடிவை ஏதோ விழுங்குகிறது"

லோக்கல் ஃபைல் தெளிவாக இருந்து, அவர்களுக்குப் போவது மட்டும் ஈரமாக, கரகரப்பாக, வார்த்தையின் வால் அறுந்து கேட்டால், வழியில் ஏதோ ஒரு மென்பொருள் உங்கள் குரலை 'திருத்திக்கொண்டிருக்கிறது'. உறுதி செய்ய எளிய சோதனை: 'ஆ' என்று ஒரே சுருதியில் 5 வினாடி இழுங்கள். சத்தம் தானாகத் தேய்ந்து மறைந்தால் நாய்ஸ் சப்ரஷன் ஓடுகிறது. மாறாமல் நீடிக்கும் ஒலியை அது இரைச்சல் என்று எண்ணி அழிக்கும். அடுத்து 10 வினாடி மௌனமாக இருங்கள். அறையின் இரைச்சல் மெல்ல எழும்பி வந்தால் ஆட்டோ கெயின் ஓடுகிறது.

ஒரே இடத்தில் அணைத்தால் போதாது. பிரவுசர் சேவையின் அமைப்பில் எக்கோ கேன்சலேஷன், நாய்ஸ் சப்ரஷன், ஆட்டோ கெயின் மூன்றையும் அணையுங்கள். விண்டோஸில் அந்த மைக்கின் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ். மேக்கில் கன்ட்ரோல் சென்டரில் மைக் மோட் ஸ்டாண்டர்டில் இருக்க வேண்டும், வாய்ஸ் ஐசொலேஷனில் இருக்கக் கூடாது. ஸூமில் நடக்கும் செஷன் என்றால் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' அமைப்பைத் திறந்துவிட்டு, கூட்டத்துக்குள் சென்ற பிறகு மேலே தெரியும் பட்டனையும் இயக்க வேண்டும். அமைப்பில் டிக் செய்ததோடு நின்றுவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

இங்கேயே இன்னொன்று. டைரக்டர் பேசத் தொடங்கியதும் உங்கள் பிளேபேக் திடீரென்று தாழ்ந்துபோனால், விண்டோஸ் அதை ஃபோன் அழைப்பு என்று எடுத்துக்கொண்டு மற்ற ஒலிகளைக் குறைக்கிறது. சவுண்ட் அமைப்பின் கம்யூனிகேஷன்ஸ் டேபில் 'டூ நத்திங்' தேர்ந்தெடுங்கள்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அதன் மைக்கைக் கணினி திறந்த நொடியில் அழைப்பு முறைக்கு மாறி, தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். மைக்கைத் தவிர்த்தாலும் தாமதம் தவிராது.

குரலின் சுருதி மாறிவிட்டது, அல்லது சீரான இடைவெளியில் டிக்

சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்ற எண்) ஒத்துப்போகவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை 48 என்று நினைத்து ஓட்டினால் குரல் ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாகி, ஒன்றரை அரைச்சுரம் மேலே போகும். எல்லா இடத்திலும் 48 வையுங்கள்: இன்டர்ஃபேஸ் டிரைவர், சிஸ்டத்தின் சவுண்ட் அமைப்பு, ரெக்கார்டிங் புராஜெக்ட். வீடியோ வேலைகளில் 48தான் நடைமுறை. ஓபஸும் அந்த ரேட்டில்தான் இயல்பாக இயங்குகிறது.

எல்லாம் 48 என்று காட்டியும் சில வினாடிக்கு ஒருமுறை டிக் கேட்டால், இரண்டு தனித்தனிக் கடிகாரங்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். யூஎஸ்பி மைக்கில் பேசி, லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில் கேட்பவர்களுக்கு இது வரும். இரண்டு கருவிகளின் 48,000மும் சரியாக ஒன்றாக இருப்பதில்லை. வித்தியாசம் சேரச் சேர ஒரு சாம்பிள் விழும். மைக்கும் ஹெட்ஃபோனும் ஒரே கருவியில் இருக்கட்டும். மேக்கில் அக்ரிகேட் டிவைஸ்தான் (இரண்டு கருவிகளை ஒன்றாகக் காட்டும் அமைப்பு) வழி என்றால், கடிகாரம் தராத கருவிக்கு டிரிஃப்ட் கரெக்ஷனை டிக் செய்யுங்கள்.

ஹம், கீச்சு, இரைச்சல்

மூன்றும் வேறு வேறு. ஆழமாக 'ம்ம்' என்று கேட்பது மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் சேர்ந்தால் வண்டு முரலும். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் கிரவுண்ட் லூப். கணினி, இன்டர்ஃபேஸ், மானிட்டர் எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகி, ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள்களை பேலன்ஸ்டுக்கு மாற்றுங்கள். பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுவது உயிருக்கு ஆபத்து. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சார்ஜரால் மாறவில்லை என்றால் விளக்கின் டிம்மரை அணைத்துப் பாருங்கள், மைக் கேபிள் மின்கம்பியோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். சேர்ந்து ஓடினால் விலக்குங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

1,000 ஹெர்ட்ஸை ஒட்டி மெல்லிய கீச்சு இருந்தால் அது யூஎஸ்பியிலிருந்து வருகிறது. அந்த பஸ் மில்லிவினாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. வேறு போர்ட், குட்டையான கேபிள், தனி மின்சாரம் உள்ள ஹப் என்று வரிசையாக மாற்றிப் பாருங்கள். ஹப் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

'ஸ்ஸ்' என்ற இரைச்சல் பெரும்பாலும் கெயின் போதாமையால். எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்குக்கு 60 டெசிபெல் அளவுக்கு கெயின் வேண்டும். சிறிய இன்டர்ஃபேஸ்கள் அந்த உச்சத்தில் இரையும். மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையே 20 முதல் 25 டெசிபெல் தரும் இன்லைன் பூஸ்டரைப் போட்டு, அதற்கு இன்டர்ஃபேஸின் 48 வோல்ட் மின்சாரத்தைத் திறந்துவிடுங்கள். பேச்சின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையே இருக்கட்டும். பேசாதபோது மீட்டர் மைனஸ் 60க்குக் கீழே இருக்க வேண்டும். கண்டென்சர் மைக்கில் இந்த எண் கிடைக்கவில்லை என்றால் குற்றம் மைக்கினுடையதாக இருப்பது அரிது. கணினி விசிறியையும், ஏசியையும், அடுத்த அறை ஃபிரிட்ஜையும் ஒவ்வொன்றாக நிறுத்தி 30 வினாடி மௌனத்தைப் பதிவு செய்து, 40 டெசிபெல் ஏற்றிக் கேளுங்கள். குற்றவாளி தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் மட்டும் கண்டென்சர் மைக் படபடவென்று பொரிந்தால் கேப்சூலில் ஈரம். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

"டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது"

எந்த ப்ளக்இன்னாலும் முழுதாகத் தீராத புகார் இது. மைக் மாற்றியும் தீராது. அறையைத்தான் சரி செய்ய வேண்டும், அதில் செலவழித்த நேரம் ஒவ்வொரு செஷனிலும் திரும்பக் கிடைக்கும்.

முதலில் எதிரொலிப்பா, அறை அதிர்வா என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியத்தை மைக்கிலிருந்து 30 சென்டிமீட்டரிலும் 15 சென்டிமீட்டரிலும் பேசிப் பதிவு செய்து, இரண்டின் அளவையும் சமமாக்கிக் கேளுங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் நேர்க்குரல் 6 டெசிபெல் ஏறும். அறையின் பங்கு அப்படியே நிற்கும். அருகில் பேசியது நன்றாகத் தெளிந்தால் சுவர்கள் திருப்பி அனுப்புவதுதான் சிக்கல். மைக்கை நெருங்குவதே பாதித் தீர்வு.

நெருங்கியும் அடித்தொண்டை மட்டும் வீங்கிக் கேட்டால் அறையே அதிர்கிறது. 1.2 மீட்டர் அகலமுள்ள பூத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 143 ஹெர்ட்ஸ் நின்று முழங்கும். ஆண் குரலின் அடித்தளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அது. 2.5 சென்டிமீட்டர் ஃபோம் இதை ஒன்றும் செய்யாது. அது மேல் அலைகளை மட்டும் உறிஞ்சி, அடியிலுள்ள வீக்கத்தை இன்னும் எடுப்பாகக் காட்டும். சுவர் முழுக்க மெல்லிய ஃபோம் ஒட்டிய பூத்துகள் மந்தமாகவும் முழக்கமாகவும் கேட்பது இதனால்தான். முட்டை அட்டை அந்த அளவுக்குக்கூட உதவாது. 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் பலகையை, சுவருக்கும் அதற்கும் இடையே 5 முதல் 10 சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டு, துணி போர்த்தி நிறுத்துங்கள். தலைக்கு மேலே உள்ள கூரையை மறந்துவிடாதீர்கள். பலரும் விட்டுவிடும் இடம் அதுதான். மைக்கை அறையின் நட்ட நடுவில் வைக்காமல் சற்று விலக்கி வையுங்கள்.

அறை நன்றாக இருந்தும் குரல் பொள்ளலாகக் கேட்டால் ஸ்கிரிப்ட் ஸ்டாண்டையும் திரையையும் சந்தேகியுங்கள். திரைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலி, நேர்வழியைவிட 30 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணித்து மைக்கை அடைந்தால் 570 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். 1,700இல் மற்றொன்று, அதன் மேலும் தொடரும். தலையை அசைக்கும்போதெல்லாம் குரலின் நிறம் மாறுவது இதன் அடையாளம். ஸ்டாண்டின் மேல் தடித்த துணி போடுங்கள். திரையைச் சாய்த்து, அதில் படும் ஒலி மைக்கை நோக்கி வராதபடி திருப்புங்கள். கார்டியாய்ட் மைக் (முன்பக்க ஒலியைப் பிடித்து முதுகுப்பக்க ஒலியைத் தள்ளும் வகை) என்றால் திரையை அதன் முதுகுப் பக்கம் கொண்டுபோவது நல்லது. ஷாட்கன் மைக்கின் முதுகு முழுச் செவிடு இல்லை. அதன் பின்னால் உள்ள சுவரையும் தடிமனாக மூட வேண்டும்.

வெளியே போகும் வண்டிச் சத்தத்தை இந்தப் பலகைகள் நிறுத்தாது. அதற்கு எடையும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். கதவின் கீழ் இடுக்கை ரப்பர் பட்டையால் அடைப்பதிலிருந்து தொடங்குங்கள். 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் போட்டால் உறுமல் குறையும்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

மைக் இன்புட் 1இல் இருக்கிறது. பிரவுசர் 1ஐ இடது, 2ஐ வலது என்று எடுத்துக்கொள்கிறது. சேவையில் மோனோ என்ற தேர்வு இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் இன்டர்ஃபேஸின் மிக்சரில் மைக்கை நடுவில் பேன் செய்து லூப்பேக் வழியாக அனுப்புங்கள்.

'ப' வெடிக்கிறது

மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி, அதன் முகம் மட்டும் வாயைப் பார்க்கும்படி திருப்புங்கள். மூச்சு நேராகப் போய்விடும், குரல் மட்டும் மைக்கில் விழும். பாப் ஃபில்டர் மைக்கிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நிற்கட்டும். ஒட்டி வைத்தால் பயனில்லை.

செஷன் மென்பொருள் திறந்ததும் ரெக்கார்டிங் மென்பொருள் இன்டர்ஃபேஸை இழக்கிறது

விண்டோஸில் பல ஏஎஸ்ஐஓ (ரெக்கார்டிங் மென்பொருள் இன்டர்ஃபேஸோடு நேராகப் பேசும் முறை) டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் தரும். சவுண்ட் பண்புகளில் எக்ஸ்க்ளூசிவ் மோட் டிக்கை எடுத்துவிட்டு, ரெக்கார்டிங் மென்பொருளை முதலில் திறந்து, பிறகு பிரவுசரைத் திறங்கள். அப்போதும் சண்டை போட்டால் ரெக்கார்டரை வாசாபி ஷேர்டு (விண்டோஸ் ஒலியைப் பல மென்பொருள்களுக்குப் பகிர்ந்துகொடுக்கும்) முறைக்கு மாற்றுங்கள். மேக்கில் இந்தச் சண்டை இல்லை, ஆனால் சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு மைக் அனுமதி பறிபோயிருக்கலாம். பிரைவசி அமைப்பில் பிரவுசருக்கும் ரெக்கார்டருக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ பதிவு நிமிடத்துக்கு 8.6 எம்பி, மணிக்கு ஏறக்குறைய 520 எம்பிதான். ஆகவே டேக்குக்கு டேக் நிறுத்தித் தொடங்க வேண்டாம். அழைப்பு தொடங்கியது முதல் முடியும் வரை ஒரே ஓட்டமாக ஓடட்டும். டைரக்டர் "ரிகர்சல்தான்" என்று சொன்ன வாசிப்பையே பிறகு கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம்.

நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது

ரெக்கார்டிங்கை நிறுத்தாதீர்கள். 30 வினாடி மறு இணைப்புக்கு முயலுங்கள். கிடைக்காவிட்டால் ஃபோனை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து அதன் டேட்டாவைப் பயன்படுத்துங்கள். செஷனுக்கு முன்பே ஒருமுறை இதைச் செய்து பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் திரும்பிவிடலாம்.

அதுவும் தரமில்லை என்றால் சாதாரணத் தொலைபேசி அழைப்பே போதும். ஃபோனின் ஒயர் இயர்ஃபோனை ஒரு காதில் செருகி, அதன் மேல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளுங்கள். ஃபோனை மைக் கேபிளிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். இல்லையென்றால் அதன் சிக்னல் 'டிட் டிட்' என்று பதிவில் ஏறலாம். டைரக்டர் ஃபோனில் கேட்டு வழிநடத்துவார், தரமான குரல் உங்கள் கணினியில் பதிவாகும். அவர் பக்கம் பதிவு இல்லாததால் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் அதன் எண்ணை உரக்கச் சொல்லுங்கள், அவர் தேர்ந்தெடுக்கும் எண்களை ஸ்கிரிப்ட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வேவ் ஃபைலை வெட்டாமல், நாய்ஸ் குறைக்காமல், கம்ப்ரஸ் செய்யாமல் அப்படியே ஏற்றி, எந்த நிமிடத்தில் இணைப்பு அறுந்தது என்பதையும் இன்ஜினியருக்கு எழுதி அனுப்புங்கள். அவரிடம் உள்ள பதிவோடு உங்களுடையதை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்வார்.